பொதுச்சங்கங்களைப் படிக்க ஒரு வழி: சண்டையில் தொடங்குங்கள்

பொதுச்சங்கங்களைப் பற்றி, அதாவது திருச்சபை முழுவதற்குமாக ஆயர்கள் கூடி நம்பிக்கையையும் ஒழுங்கையும் முடிவுசெய்த பெருங்கூட்டங்களைப் பற்றி, தெரிந்துகொள்ள வேண்டும் என்று யார் வந்து கேட்டாலும், முதலில் அந்தப் பட்டியலை மூடி வையுங்கள் என்பேன். நிசேயா 325, கான்ஸ்தாந்திநோபிள் 381, எபேசு 431, கல்செதோன் 451 என்று மறைக்கல்வித் தேர்வுக்காக உருப்போட்டவர்கள் நம்மில் ஏராளம். ஆண்டைக் கேட்டால் சட்டென்று வரும். அங்கே யார் யாரோடு மோதினார்கள், எதற்காக மோதினார்கள் என்று கேட்டால் பதில் வராது.

நான் பள்ளியில் வரலாறு நடத்தியவள். ஓய்வுக்குப் பிறகு குமரி மாவட்டத்தில் எங்கள் பங்கில் பெரியவர்களுக்கு ஞாயிறு மாலை வகுப்பு எடுக்கிறேன். இலத்தீன் கத்தோலிக்கர், மார்த்தாண்டம் பக்கத்து மலங்கரைக் கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ. குடும்பத்திலிருந்து திருமணமாகி வந்தவர்கள் என எல்லோரும் வருகிறார்கள். அங்கே பலன் தந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு சங்கம் அதன் கடைசி அமர்வோடு முடிவதில்லை. கூடுவதற்கு முன் நடந்த சண்டை, கூடியபோது நடந்த பேச்சு, கலைந்த பிறகு அந்த முடிவை ஏற்கத் திருச்சபை பட்ட பாடு, இந்த மூன்றையும் படிக்க வேண்டும். பாடப்புத்தகங்கள் நடுப்பகுதியை மட்டும் சொல்லி நிறுத்திவிடுகின்றன. மூன்றாவதுதான் நீளமானது. பொதுச்சங்கம் என்றால் என்ன என்பது உண்மையில் விளங்குவதும் அங்கேதான்.

முதலில் நிசேயா

நிசேயாவை முதலில் எடுக்கச் சொல்வதற்குக் காரணம், அது சிறியது. ஒரு நம்பிக்கை அறிக்கை, 20 ஒழுங்கு விதிகள், சில கடிதங்கள், அவ்வளவுதான். அமர்வுக் குறிப்புகள் எதுவும் நம் கைக்கு வரவில்லை. எல்லாவற்றையும் ஒரே மாலையில் வாசித்துவிடலாம்.

ஆனால் நம்பிக்கை அறிக்கையை உடனே திறக்காதீர்கள். தோற்றவரின் வாதத்தை முதலில் கேளுங்கள். அலெக்சாந்திரியாவில் ஆரியுஸ் என்ற குரு, மகனாகிய கிறிஸ்து தந்தையால் உண்டாக்கப்பட்டவர், அவர் இல்லாத ஒரு நிலை இருந்தது என்று போதித்தார். 318 வாக்கில் அவருக்கும் ஆயர் அலெக்சாந்தருக்கும் மோதல் வெடித்தது. ஆரியுஸ் மறைநூல் தெரியாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். நீதிமொழிகள் 8:22இல் ஞானம், 'ஆண்டவர் என்னைப் படைத்தார்' என்கிறது. யோவான் 14:28இல் இயேசுவே, 'தந்தை என்னைவிடப் பெரியவர்' என்கிறார். கடலோடிகளும் மாவரைப்பவர்களும் பாடுவதற்கென்று அவர் தம் கருத்தைப் பாட்டாகவே கட்டினார் என்று பழைய வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார்.

வகுப்பில் ஒருவரை எழுப்பி, ஆரியுஸின் இடத்தில் நின்று இந்த வசனங்களை வைத்து வாதாடச் சொல்வேன். மற்றவர்கள் விவிலியத்தைக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். பத்து நிமிடத்தில் அறையே மாறிவிடும். ஆண்டுக்கணக்கில் ஞாயிறுதோறும் நம்பிக்கை அறிக்கையைச் சொன்னவர்கள்கூடத் திணறுவார்கள். அந்தத் திணறல் வந்த பிறகுதான் அறிக்கையைக் கையில் கொடுக்க வேண்டும். அதற்கு முன் கொடுத்தால் வாய் வாசிக்கும், மனம் வேறெங்கோ இருக்கும்.

அடுத்தது, கூட்டத்தைக் கூட்டியது யார், செலவு யாருடையது, யார் வந்தார், யார் வரவில்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். நிசேயாவைக் கூட்டியவர் திருத்தந்தை அல்லர், பேரரசர் கான்ஸ்தாந்தீன். 324இல்தான் அவர் போட்டியாளர் லிசினியுஸை வென்று முழுப் பேரரசையும் கைக்குள் கொண்டுவந்திருந்தார். பேரரசு ஒன்றானபோது திருச்சபை பிளந்து நிற்பது அவருக்குப் பொறுக்கவில்லை. முதலில் இரு தரப்புக்கும் ஒரு கடிதம் எழுதி, இது அற்பமான கேள்வி, விட்டுவிடுங்கள் என்றார். கோர்தோபா ஆயர் ஓசியுஸ் அதை எடுத்துக்கொண்டு போனார். பலிக்கவில்லை. பிறகுதான் அரசு அஞ்சல் வண்டிகளில் ஆயர்களை வரவழைத்தார். ரோமை ஆயரான திருத்தந்தை சில்வெஸ்தர் வராமல் இரண்டு குருக்களை அனுப்பினார். வந்த ஆயர்கள் 318 பேர் என்பது மரபு. தொடக்கநூல் 14:14இல் ஆபிரகாமின் ஆள்களும் 318 பேர்தான் என்பதைக் கவனியுங்கள். நேரில் இருந்த செசரியா ஆயர் யுசேபியுஸ் 250க்கு மேல் என்றே எழுதுகிறார்.

வந்தவர்களின் உடம்பையும் பாருங்கள். 303இல் தொடங்கிய தியோக்ளேசியனின் கொடுமைகளில் தப்பியவர்கள் அவர்கள். நெயோசெசரியா ஆயர் பவுலின் இரண்டு கைகளும் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடப்பட்டு முடங்கியிருந்தன என்று அடுத்த நூற்றாண்டின் ஆயர் தியோதரேத் எழுதுகிறார். அப்படிப்பட்டவர்கள் கூடிய மண்டபத்துக்குள் ஒரு ரோமைப் பேரரசர் வந்து, ஆயர்கள் சைகை காட்டும்வரை உட்காராமல் நின்றார் என்கிறார் யுசேபியுஸ். அந்தக் காட்சியை நினைத்துப் பார்க்காமல், 'அரசன் சொன்னான், ஆயர்கள் கையெழுத்துப் போட்டார்கள்' என்று ஒரு வரியில் முடிப்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். அரசரின் அழுத்தம் இருந்தது உண்மை. கையெழுத்துப் போட மறுத்த லிபியா ஆயர்கள் தெயோனாஸும் செக்குந்துஸும் ஆரியுஸோடு நாடு கடத்தப்பட்டார்கள். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பென்சிலோடு வாசியுங்கள்

இப்போது அறிக்கை. பென்சிலை எடுத்து, ஆரியுஸுக்கு எதிராகப் போடப்பட்ட சொற்களின் கீழே கோடு போடுங்கள். 'உதித்தவர், உண்டாக்கப்பட்டவர் அல்லர்', 'தந்தையோடு ஒரே பொருளானவர்' ஆகியவற்றில் பென்சில் தானாகவே நிற்கும். இரண்டாவது சொல்லாட்சி விவிலியத்தில் இல்லை என்று அன்றே பலர் முணுமுணுத்தார்கள். அதை ஏன் போட நேர்ந்தது என்பதை அத்தனாசியுஸ் பிற்பாடு எழுதினார். அவர் அந்தக் கூட்டத்துக்கு அலெக்சாந்தரோடு வந்த இளம் திருத்தொண்டர். ஆயர்கள் முதலில் விவிலியச் சொற்களாலேயே எழுதப் பார்த்தார்களாம். ஒவ்வொரு சொல் வரும்போதும் ஆரியுஸின் தரப்பினர் தங்களுக்குள் கிசுகிசுத்து, கண்ஜாடை காட்டி, 'இதை நாமும் ஏற்கலாம், இது மனிதருக்கும் பொருந்தும்' என்று தலையாட்டினார்களாம். அவர்களால் தலையாட்ட முடியாத ஒரு சொல் தேவைப்பட்டது. இந்த ஒரு இடத்தை நன்றாகப் புரிந்துகொண்டால், மற்றச் சங்கங்கள் ஏன் சொற்களுக்காக அவ்வளவு போராடின என்பது தானே விளங்கும்.

ஒரு எச்சரிக்கை. நாம் திருப்பலியில் சொல்வது 325இன் அறிக்கை அப்படியே அன்று. அது 'தூய ஆவியையும் நம்புகிறோம்' என்பதோடு முடிந்து, பிறகு ஆரியுஸின் கருத்துகளைச் சொல்வோருக்குச் சாபம் கூறியது. தூய ஆவியார் பற்றிய நீண்ட பகுதி 381இன் கான்ஸ்தாந்திநோபிள் சங்கத்தைச் சேர்ந்தது. தூய ஆவியார் 'மகனிடமிருந்தும்' புறப்படுகிறார் என்று மேற்குத் திருச்சபை சேர்த்தது அதற்கும் பிந்தியது. 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருத்தந்தை மூன்றாம் சிங்கராயர் (லியோ) அந்தச் சேர்க்கை இல்லாத பழைய அறிக்கையை வெள்ளித் தகடுகளில் பொறித்து ரோமையில் வைத்தார். பிறகு ரோமையே அதைச் சேர்த்துக்கொண்டது. இரண்டு வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால் போதும், தனிப் பாடம் வேண்டாம்.

20 விதிகளைத் தவிர்த்துவிடாதீர்கள்

நம்பிக்கை அறிக்கையோடு நிறுத்துகிறவர்கள் பாதியை இழக்கிறார்கள். அன்றாடத் திருச்சபை எப்படி இருந்தது என்று காட்டுவது ஒழுங்கு விதிகள்தான். எனக்கு மிகவும் பிடித்தது 5ஆம் விதி. ஓர் ஆயர் யாரையாவது சபையிலிருந்து விலக்கினால், அது அவருடைய சிறுபுத்தியாலோ சண்டைக் குணத்தாலோ நடந்ததா என்று பார்க்க, மாநில ஆயர்கள் ஆண்டுக்கு இரண்டு முறை கூட வேண்டும் என்கிறது. ஆயருக்கும் சிறுபுத்தி இருக்கக்கூடும் என்று ஆயர்களே எழுதி வைத்த விதி!

17ஆம் விதி வட்டி வாங்கும் குருக்களைப் பற்றியது. நூற்றுக்கு மாதம் ஒன்று, அதாவது நம் ஊரில் 'ஒரு ரூபாய் வட்டி' என்பதே, அன்றும் ரோமைச் சட்டத்தின் வழக்கமான வட்டி. தானியத்தைக் கடனாகக் கொடுத்து ஒன்றரைப் பங்காகத் திரும்ப வாங்குவதும் இருந்தது. இரண்டையும் செய்கிற குருவைப் பதவியிலிருந்து நீக்கச் சொல்கிறது விதி. திருப்பாடலின் 'பணத்தை வட்டிக்குக் கொடார்' என்ற வரியையும் மேற்கோள் காட்டுகிறது. இதை வாசித்தால் வகுப்பில் யாரும் தூங்க மாட்டார்கள்.

4ஆம் விதி, ஆயரைத் திருநிலைப்படுத்தக் குறைந்தது மூன்று ஆயர்கள் வேண்டும் என்கிறது. இன்று நம் மறைமாவட்டங்களில் நடக்கும் ஆயர் திருநிலைப்பாட்டிலும் மூன்று பேர் முன்னே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 13ஆம் விதி, சாகக் கிடப்பவர் தண்டனைக் காலத்தில் இருந்தாலும் அவருக்கு நற்கருணையை மறுக்கக் கூடாது என்கிறது. 15ஆவது, ஆயர்களும் குருக்களும் ஊர்விட்டு ஊர் மாறக் கூடாது என்கிறது. 20ஆவது, ஞாயிறன்று முழங்காலிடாமல் நின்று செபிக்கச் சொல்கிறது. சில விதிகள் இன்றும் நிற்கின்றன, சில எப்போதோ வழக்கொழிந்தன. எது எது என்று குழுவே பிரிக்கட்டும்.

இந்த 20 விதிகளையும் நீங்களே வாசித்திருந்தால் இன்னொரு நன்மை உண்டு. விவிலியத்தில் எந்தெந்த நூல் இருக்க வேண்டும் என்று நிசேயாவில் வாக்கெடுத்தார்கள் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. விதிகளில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்று கேட்டுவிடலாம். ஒரு விதியிலும் இல்லை. புனித நிக்கோலாஸ் ஆரியுஸைக் கன்னத்தில் அறைந்தார் என்பதும் பல நூற்றாண்டுகளுக்குப் பிந்திய கதை.

கலைந்த பிறகு என்ன நடந்தது?

இங்கேதான் நிதானமாகப் போகச் சொல்வேன். நிசேயா முடிந்ததும் பிரச்சினை தீரவில்லை. சில ஆண்டுகளில் கான்ஸ்தாந்தீனே ஆரியுஸைத் திரும்ப அழைத்தார். சங்கத்துக்குப் பின் நாடு கடத்தப்பட்ட நிகோமேதியா ஆயர் யுசேபியுஸும் (செசரியா யுசேபியுஸ் வேறு) திரும்பி வந்து செல்வாக்குப் பெற்றார். 337இல் மரணப் படுக்கையில் பேரரசருக்குத் திருமுழுக்குக் கொடுத்தவர் அவரே. 328இல் அலெக்சாந்திரியாவின் ஆயரான அத்தனாசியுஸ், நான்கு பேரரசர்களின் காலத்தில் ஐந்து முறை துரத்தப்பட்டு, ஏறக்குறைய 17 ஆண்டுகளை வெளியே கழித்தார்.

359இல் இத்தாலியின் அரிமினுமில் 400க்கும் மேற்பட்ட ஆயர்கள் கூடினார்கள். நிசேயாவைவிடப் பெரிய கூட்டம். பேரரசர் கான்ஸ்தான்சியுஸின் நெருக்குதலில், 'ஒரே பொருளானவர்' என்பதை விட்டுவிட்ட ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். உலகமே தான் ஆரியுஸின் பக்கம் போய்விட்டதைக் கண்டு முனகி வியந்தது என்று எரோணிமுஸ் எழுதியது இதைப் பற்றித்தான். ஆனால் இன்று அரிமினுமைப் பொதுச்சங்கம் என்று எந்தத் திருச்சபையும் சொல்வதில்லை. மாறாக, 381இல் கான்ஸ்தாந்திநோபிளில் கூடியவர்கள் 150 பேர்தான். மேற்கிலிருந்து யாரும் வரவில்லை, ரோமையின் தூதரும் இல்லை. அதைத்தான் இரண்டாம் பொதுச்சங்கமாக எண்ணுகிறோம்.

இந்த இரண்டு கூட்டங்களையும் கரும்பலகையில் எதிரெதிரே எழுதி, எது ஏன் பொதுச்சங்கம் ஆனது என்று கேளுங்கள். எண்ணிக்கை காரணமில்லை, அரச ஆணையும் காரணமில்லை என்பது தெரிந்துவிடும். அன்றைய தலைக்கணக்கு எப்படியிருந்தாலும், பிற்காலத் தலைமுறைகள் தங்கள் வழிபாட்டிலும் போதனையிலும் எதைத் தங்களுடையது என்று எடுத்துக்கொண்டன என்பதே தீர்மானித்தது. அத்தனாசியுஸ் 373இல் இறந்துபோனார், 381ஐப் பார்க்கவில்லை. அதைச் சொல்லும்போதெல்லாம் என் தொண்டை அடைக்கும்.

கல்செதோன்: குறிப்புகளை உரக்க வாசியுங்கள்

நிசேயாவை முடித்ததும் நேராக கல்செதோனுக்குப் போகச் சொல்வேன். கிறிஸ்துவில் இறை இயல்பும் மனித இயல்பும் எப்படி இணைந்திருக்கின்றன என்பதே அங்கே சண்டை. கான்ஸ்தாந்திநோபிளுக்கு எதிர்க்கரையில், புனித யுபேமியா ஆலயத்தில் 451 அக்டோபர் 8இல் கூடியது. இதன் அமர்வுக் குறிப்புகள் பேச்சுக்குப் பேச்சு நம்மிடம் இருக்கின்றன, ஆங்கிலத்தில் வாசிக்கலாம். நாடகம்போல ஆளுக்கொரு பாத்திரமாகப் பிரித்து உரக்க வாசிப்பதே நல்ல வழி.

நடுவில் நற்செய்தி நூல். தலைமையில் பேரரசின் அதிகாரிகள். இடப்பக்கம் ரோமைத் தூதரும் அந்தியோக்கியா ஆயரும், வலப்பக்கம் அலெக்சாந்திரியாவின் தியோஸ்கோருஸும் எருசலேமின் யுவெனாலும். இரண்டு ஆண்டுகளுக்கு முன், 449இல், எபேசுவில் தியோஸ்கோருஸ் நடத்திய கூட்டத்தின் குறிப்புகள் வாசிக்கப்படுகின்றன. திருத்தந்தை பெரிய சிங்கராயர் அதைக் கொள்ளையர் கூட்டம் என்று சொல்லியிருந்தார். வாசிக்க வாசிக்க ஆயர்கள் எழுந்து, எங்களைப் படைவீரரை வைத்து மிரட்டினார்கள், வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள் என்று கத்துகிறார்கள். முன்பு சொன்ன அதே தியோதரேத் உள்ளே வரும்போது இரு பக்கமும் போட்ட கூச்சலில், இப்படிச் சந்தைக்கூச்சல் போடுவது ஆயர்களுக்கு அழகில்லை என்று அரசு அதிகாரிகளே அடக்க வேண்டியிருந்தது. முதல் அமர்விலேயே யுவெனால் எழுந்து, தம் ஆயர்களோடு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துவிடுகிறார்.

நான்காம் அமர்வை அவசரமாகக் கடக்காதீர்கள். அதற்குள் தியோஸ்கோருஸின் பதவி பறிக்கப்பட்டுவிட்டது. எகிப்து ஆயர்கள் 13 பேரிடம், கிறிஸ்துவின் இரு இயல்புகளைப் பற்றிச் சிங்கராயர் எழுதிய கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். அவர்கள் தரையில் விழுந்து மன்றாடுகிறார்கள்: எங்கள் பேராயர் இல்லாமல் நாங்கள் கையெழுத்திட்டு ஊருக்குப் போனால் எங்களைக் கொன்றுவிடுவார்கள், அதைவிட இங்கேயே சாகிறோம். கடைசியில், அலெக்சாந்திரியாவுக்குப் புதிய ஆயர் வரும்வரை நகரை விட்டுப் போகாமல் காத்திருக்க விடுகிறார்கள். அந்தப் பயம் வீண்பயம் இல்லை. தியோஸ்கோருஸின் இடத்துக்கு வந்த புரோத்தேரியுஸை 457இல் அலெக்சாந்திரியாவின் கூட்டம் அடித்தே கொன்றது.

இதையெல்லாம் வாசித்த பிறகு சங்கத்தின் முடிவை வாசியுங்கள்: ஒரே கிறிஸ்து, இரு இயல்புகளில், கலப்பின்றி, மாற்றமின்றி, பிரிவின்றி, பிளவின்றி. அந்த நான்கு சொற்களும் எவ்வளவு கூச்சலையும் கண்ணீரையும் கடந்து வந்தவை என்று தெரிந்து வாசிக்கும்போது, அவற்றின் கனமே வேறு.

யாருக்கு எத்தனை சங்கம்?

இந்தக் கட்டத்தில் பட்டியலைத் திறக்கலாம். கத்தோலிக்கருக்கு 21. கான்ஸ்தாந்திநோபிளைச் சார்ந்த ஆர்த்தடாக்ஸ் சபைகளுக்கு 7, கடைசி 787இன் இரண்டாம் நிசேயா. கல்செதோனை ஏற்காத கோப்து (எகிப்து), அர்மேனியா, எத்தியோப்பியா, சிரியா சபைகளுக்கு 3, கேரளத்தின் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையும் இதில் சேரும். அசீரியக் கிழக்குத் திருச்சபைக்கு 2, திருச்சூரில் உள்ள கல்தேய சிரியன் சபை அதன் பகுதி. ஆங்கிலிக்கன் சபையின் 39 விதிகளில் 21ஆவது, பொதுச்சங்கங்களும் தவறலாம், தவறியும் இருக்கின்றன என்கிறது. சி.எஸ்.ஐ. திருச்சபை நிசேயா விசுவாசப் பிரமாணத்தைத் தன் அமைப்புச் சட்டத்திலேயே ஏற்றிருக்கிறது.

இந்த எண்களை வைத்து யாரையும் 'தப்பறைக்காரர்' (தவறான கொள்கையுடையவர்) என்று சொல்ல விடாதீர்கள். எங்கள் வகுப்பிலுள்ள மலங்கரைக் கத்தோலிக்கரின் முன்னோர்கள் 1930இல் ரோமையோடு இணைவதற்கு முன் கல்செதோனை ஏற்காத மரபில் இருந்தவர்கள். 1973 மே 10இல் திருத்தந்தை ஆறாம் பவுலும் கோப்துத் திருத்தந்தை மூன்றாம் செனூதாவும் கிறிஸ்துவைப் பற்றிய பொது அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். அதில் அந்த நான்கு சொற்களின் சாரமும் இருக்கிறது. 1994 நவம்பர் 11இல் இரண்டாம் யோவான் பவுல், அசீரியத் திருச்சபையின் நான்காம் மார் தின்காவோடு அதுபோலவே கையெழுத்திட்டார். 431லும் 451லும் தொடங்கிய பிளவுகள் இந்த அளவுக்கு ஆற இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது. அந்த அறிக்கைகள் சிறியவை, முழுமையாக வாசிக்கலாம்.

நம் காலத்துச் சங்கமும், சங்கடமான சங்கமும்

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 16 ஏடுகளையும் எடுத்துக்கொண்டு மூச்சுத் திணறாதீர்கள். 1963 டிசம்பர் 4இல் 2,147 பேர் ஆதரவும் 4 பேர் எதிர்ப்புமாக நிறைவேறிய திருவழிபாட்டு ஏட்டை மட்டும் எடுங்கள். இலத்தீன் பூசை நினைவிருக்கும் மூத்தவர்களை முதலில் பேச விடுங்கள். பிறகு 36ஆம் எண்ணை வாசியுங்கள். இலத்தீனைக் காக்க வேண்டும் என்று தொடங்கி, தாய்மொழிக்கு அதிக இடம் தரலாம் என்று போகிறது அது. பீடத்தை மக்களை நோக்கித் திருப்பச் சொல்லும் வரி அந்த ஏட்டில் இல்லை. அது 1964இல் வந்த நடைமுறை ஆணையைச் சேர்ந்தது. சங்கம் சொன்னது எது, அதன்பின் செயல்படுத்தியவர்கள் சேர்த்தது எது என்று பிரித்துப் பார்க்கப் பழகினால், இன்றும் நடக்கும் பாதி வாதங்கள் அடங்கும்.

கடைசியாக கொன்ஸ்தான்ஸ், 1414 முதல் 1418 வரை. இதைப் பெரும்பாலானவர்கள் தாண்டிப் போகிறார்கள், நான் விடுவதில்லை. ஒரே நேரத்தில் மூன்று பேர் திருத்தந்தை என்று உரிமை கொண்டாடிய அலங்கோலத்தை முடித்து, 1417 நவம்பர் 11இல் ஐந்தாம் மார்ட்டினைத் தேர்ந்தது அந்தச் சங்கம். அதே சங்கம்தான், அரசர் சிகிஸ்முண்டின் பாதுகாப்புக் கடிதத்தை நம்பி வந்த பொகேமியாவின் யான் ஹுஸைக் கண்டித்து, 1415 ஜூலை 6இல் எரிக்க ஒப்படைத்தது. 1999 டிசம்பரில் இரண்டாம் யோவான் பவுல் அந்தக் கொடிய சாவுக்காக ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். தேர்தலையும் எரிப்பையும் தனித்தனி வாரங்களுக்குப் பிரிக்காமல் ஒரே மாலையில் வாசியுங்கள். கேள்விகள் நிறைய வரும், வகுப்பை அரைமணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.